ஆர்டர் குறையும் காலத்துக்கு: திருப்பூர் பனியன் தொழிலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் உழைக்கும் ஆண்கள், பெண்கள் அனைவருக்கும், அங்கே வேலை தேடி வரும் இளைஞர்களுக்கும்,

பின்னலாடைத் தொழிலில் மந்தம் திருப்பூருக்குப் புதிதல்ல. 2008இல் உலக நிதி நெருக்கடியால் வெளிநாட்டு ஆர்டர்கள் சுருங்கின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2016இல் பணமதிப்பிழப்பு வாரச் சம்பளத்தை முடக்கியது. 2020இல் கொரோனா ஊரடங்கு, 2022இல் நூல் விலை ஏற்றம், 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா விதித்த 50 சதவீத வரி என்று காரணங்கள் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. அந்த வரி வந்த நேரத்தில் ஊரின் ஆண்டு ஏற்றுமதி 40,000 கோடி ரூபாய் அளவுக்கு வளர்ந்திருந்தது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஒவ்வொரு மந்தமும் ஒருநாள் தீர்கிறது. ஆனால் அது எல்லோரையும் ஒரே மாதிரி விட்டுப் போவதில்லை. ஒரே தரமுள்ள இரண்டு டைலர்களில் ஒருவர் மூன்று மாத வேலையின்மையைத் தாங்கி அடுத்த கம்பெனியில் சேர்கிறார். இன்னொருவர் நகையையும் சேமிப்பையும் இழந்து, நேற்றுத்தான் தொழிலுக்கு வந்தவர்போல மறுபடி தொடங்குகிறார். இருவருக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் கைத்திறனில் இல்லை. ஒருவர் உழைத்த ஆண்டுகள் பதிவில் இருக்கின்றன, மற்றவருடையவை இல்லை. ஆட்குறைப்பு இழப்பீடு, பணிக்கொடை, இ.எஸ்.ஐ. உதவி, பி.எப். ஓய்வூதியம் ஆகிய எல்லாமே பதிவைப் பார்த்துத்தான் கிடைக்கின்றன. மந்த காலத்தில் ஒரு தொழிலாளி காக்க வேண்டிய முதல் சொத்து அதுதான்.

மந்தம் வரும் வரிசை

ஏற்றுமதி ஆர்டர் சாம்பிளில் தொடங்குகிறது. பையர் சாம்பிளை ஒப்புக்கொண்ட பிறகு நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று வேலை நகர்கிறது. இதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். ஆர்டர் குறைவதும் இதே வரிசையில்தான் தெரியவரும். சாம்பிள் டைலர்கள் வேலையின்றிச் சும்மா உட்காருகிறார்கள், நிட்டிங்கில் இரவு ஷிப்டு நிற்கிறது என்றால், தையல் பிரிவில் அன்றைக்கு வேலை நெருக்கிக்கொண்டிருந்தாலும் சில வாரங்களில் அது வடிந்துவிடும். தையலிலும் செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் இருப்போருக்கு இந்த இடைவெளி ஒரு முன்னறிவிப்பு. ஆவணங்களைத் திரட்டவும் செலவைக் குறைக்கவும் கிடைக்கும் அவகாசம் இது.

ஆட்களைக் குறைப்பதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் ஒன்றரை ஷிப்டு ஒரு ஷிப்டாகிறது. ஒன்றரை ஷிப்டை நம்பி வாடகையும் சீட்டும் கட்டிவரும் குடும்பத்துக்கு, ஒருவருக்கும் வேலை போகாத இந்தக் கட்டத்திலேயே சனிக்கிழமைச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. அடுத்து வாரத்தில் நான்கு நாள் மட்டும் வேலை என்றாகிறது. பிறகு காண்ட்ராக்டரின் கீழ் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் குழுக்கள் நிறுத்தப்படுகின்றன. ஜாப் ஒர்க்கை நம்பிய பவர்டேபிள், பிரிண்டிங், எம்ப்ராய்டரி, காஜா பட்டன் யூனிட்டுகளில் வேலை நின்றுபோகிறது. மாதச் சம்பளக்காரர்களை இது கடைசியில் தொடுகிறது. ஆகவே பீஸ் ரேட்டில் இருப்பவர் முதல் கட்டத்திலேயே விழித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வேலை இருக்கும்போதே சேர்க்க வேண்டியவை

பதிவை ஆர்டர் உள்ள காலத்திலேயே சரிசெய்வது எளிது. கம்பெனி கதவைப் பூட்டிய பிறகு பெயர்த் திருத்தம் ஒன்றுக்குக்கூட முதலாளியின் கையெழுத்தைத் தேடி அலைய நேரும்.

பி.எப். பிடிக்கப்படும் ஒவ்வொருவருக்கும் 12 இலக்க யு.ஏ.என். எண் உண்டு. கம்பெனி மாறினாலும் அந்த எண் மாறக்கூடாது. நடைமுறையில் பலருக்கு இரண்டு, மூன்று எண்கள் இருக்கின்றன. கம்பெனிக்குக் கம்பெனி புது எண் போட்டதன் விளைவு இது. ஆதாரில் ஒரு மாதிரியும் பி.எப். கணக்கில் வேறு மாதிரியும் எழுதப்பட்ட பெயர், தவறான பிறந்த தேதி, பதியப்படாத வாரிசுதாரர் ஆகியவை மற்ற குறைகள். 'உமங்' செயலியில் பாஸ்புக்கைத் திறந்து, சம்பளத்தில் பிடித்த தொகை மாதந்தோறும் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது இவை எல்லாவற்றுக்கும் முதல் படி. பிடித்தம் இருந்து கணக்கில் பணம் இல்லையென்றால், சம்பளச் சீட்டோடு பி.எப். அலுவலகத்தில் புகார் தரலாம்.

காண்ட்ராக்டரிடம் வேலை பார்ப்பவருக்கும் பீஸ் ரேட்காரருக்கும் பி.எப்., இ.எஸ்.ஐ. கிடையாது என்று சொல்லப்படுவது தவறு. பொதுவாக 20 பேருக்குக் குறையாத நிறுவனத்துக்கு பி.எப். பொருந்தும், 10 பேருக்குக் குறையாத நிறுவனத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கு இ.எஸ்.ஐ. பொருந்தும். சம்பளம் துண்டுக்கணக்கில் வருகிறதா, காண்ட்ராக்டர் கை வழியாக வருகிறதா என்பது இந்த உரிமையை மாற்றாது. கையில் கூடுதலாகச் சில நூறு ரூபாய் வருகிறது என்று பிடித்தம் வேண்டாம் எனச் சொல்லிவிடுபவர், மந்த காலத்தில் அதைப்போலப் பல மடங்கு இழக்கிறார்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் தரப்பட வேண்டும் என்கின்றன. அந்தக் கடிதம், அடையாள அட்டை, சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய பக்கங்கள் ஆகியவற்றைப் படமெடுத்து, வீட்டில் இன்னொருவர் போனிலும் வைத்திருப்பது நல்லது. கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்குபவர் ஒரு நோட்டில் தேதி, ஷிப்டு, துண்டுக் கணக்கு, வாங்கிய தொகை ஆகியவற்றை வாராவாரம் எழுதி வந்தால், தகராறு எழும்போது அந்த நோட்டும் ஒரு சான்றாகிறது.

நிறுத்தி வைப்பு, ஆட்குறைப்பு, ராஜினாமா

வேலை இல்லாமல் போவது சட்டத்தின் பார்வையில் மூன்று விதம். மூன்றுக்கும் கிடைக்கும் உரிமை வேறு வேறு.

ஆர்டர் இல்லாததால் சில நாட்கள் வேலை தர முடியவில்லை, ஆனால் பெயர் பதிவேட்டில் இருக்கிறது என்றால் அது லே-ஆஃப், அதாவது நிறுத்தி வைப்பு. 50 பேருக்குக் குறையாத தொழிற்சாலையில் ஓராண்டு தொடர் பணி முடித்தவருக்கு அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதி தரப்பட வேண்டும். ஓராண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் ஓராண்டு தொடர் பணியாகக் கொள்ளப்படும். இதில் பலர் கவனிக்காத நிபந்தனை ஒன்று உண்டு: அந்த நாட்களில் தொழிலாளி குறிப்பிட்ட நேரத்தில் தொழிற்சாலைக்கு வந்து தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும். ஊருக்குப் போய்விட்டவர் அந்தப் பாதிச் சம்பளத்தைக் கேட்க முடியாது. ஊருக்குப் போகும் முன் இதை எண்ணிப் பார்ப்பது அவசியம்.

பெயரையே நீக்கிவிட்டால் அது ஆட்குறைப்பு. ஓராண்டு தொடர் பணி உள்ளவருக்கு ஒரு மாத முன்னறிவிப்பு, அல்லது அதற்கு ஈடான சம்பளம் தர வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. புதிய சட்டத் தொகுப்பு இதோடு மறுதிறன் நிதி என்ற ஒன்றையும் சேர்த்திருக்கிறது. கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 15 நாள் தொகை, நீக்கப்பட்ட 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்கில் ஏற வேண்டும். பாக்கிச் சம்பளம் இரண்டு வேலை நாளுக்குள் தரப்பட வேண்டும்.

ஐந்தாண்டு தொடர்ந்து பணி முடித்தவருக்குப் பணிக்கொடை தனி. அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 13,000 ரூபாய் வாங்கியவர் ஏழு ஆண்டு வேலை பார்த்திருந்தால், 13,000ஐ 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்க ஓராண்டுக்கு 7,500 ரூபாய். ஏழு ஆண்டுக்கு 52,500 ரூபாய். குறித்த கால ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவருக்குப் புதிய தொகுப்பின்படி ஓராண்டு முடிந்தாலே இது உண்டு.

மூன்றாவது, ராஜினாமா. 'சொந்தக் காரணங்களால் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்' என்று முன்பே தட்டச்சு செய்த தாள் மேசையில் வைக்கப்படுகிறது. கணக்கு முடிக்கக் கையெழுத்துப் போடச் சொல்லப்படுகிறது. அந்த ஒரு வரியில் ஆட்குறைப்பு இழப்பீடும் முன்னறிவிப்புச் சம்பளமும் போய்விடுகின்றன, இ.எஸ்.ஐ. தரும் வேலையிழப்பு உதவியும் கேள்விக்குறியாகிறது. வேலை இல்லை என்று கம்பெனிதான் சொல்கிறது என்றால், அதை எழுதித் தரச் சொல்லிக் கேட்பதே முறை. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடுவது எந்த நிலையிலும் கூடாது. சிக்கல் எழுந்தால் தொழிற்சங்கத்திடமும் தொழிலாளர் துறை அலுவலகத்திலும் முறையிடலாம். தனியாகப் போவதைவிட, ஒரே பிரிவைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து எழுதிக்கொடுக்கும் மனுவுக்கு வலு அதிகம்.

இ.எஸ்.ஐ. தரும் உதவி

வேலை போன அன்றே இ.எஸ்.ஐ. அட்டை செல்லாததாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையல்ல. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரையும், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரையும் பலன் உண்டு. அரையாண்டில் 78 நாள் சந்தா இருந்தால், வேலை போன பிறகும் உரிய பலன் காலம் முடியும்வரை குடும்பத்துக்கு மருத்துவம் பார்க்கலாம். கருவுற்றிருக்கும் பெண்ணுக்கு இது இன்னும் முக்கியம். முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் 70 நாள் சந்தா இருந்தால் 26 வார மகப்பேறு பலன் கிடைக்கும். பிரசவ நேரம் நெருங்கும்போது அவசரப்பட்டு விலகல் கடிதம் தந்துவிடுவதால் பெண்களுக்கு ஏற்படும் இழப்பு பெரிது.

வேலையிழந்த காப்பீட்டாளருக்கு இரண்டு பண உதவிகள் உண்டு. அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா 2018 ஜூலையில் தொடங்கியது. சராசரி நாள் சம்பளத்தில் பாதி, 90 நாள் வரை, வாழ்நாளில் ஒரு முறை. நாளுக்கு 500 ரூபாய் வாங்கியவருக்கு மொத்தம் 22,500 ரூபாய். இரண்டாண்டு காப்பீட்டுப் பணியும் குறித்த அளவு சந்தாவும் வேண்டும். காலம் நீட்டிக்கப்பட்டு நடந்துவரும் திட்டம் இது என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையில் உள்ளதா என்று இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவது, 2005 முதல் உள்ள ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா. தொழிற்சாலை மூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலை போனவருக்கு முதல் 12 மாதம் பாதிச் சம்பளமும் அடுத்த 12 மாதம் கால் பங்கும் இதில் கிடைக்கும். ஆட்குறைப்பு என்று எழுதிய தாள் கையில் இருப்பதன் மதிப்பு இங்கேதான் தெரியும்.

பி.எப். பணத்தில் எதைத் தொடலாம்

வேலை போனதும் பி.எப். முழுவதையும் எடுத்துவிடுவது திருப்பூரில் ஏறத்தாழ வழக்கமாகிவிட்டது. கம்பெனி மாறும் ஒவ்வொரு முறையும் எடுத்து எடுத்து, இருபது ஆண்டு தைத்தவருக்கும் ஓய்வூதியம் இல்லாமல் போகிறது. பி.எப். ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டு பணி வேண்டும். எட்டாண்டு முடித்தவர் ஓய்வூதியப் பகுதியையும் எடுத்துவிட்டால், அடுத்த கம்பெனியில் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும். அதை எடுக்காமல் 10சி படிவத்தில் திட்டச் சான்றிதழ் வாங்கிவைத்தாலோ, கணக்கைப் புதிய கம்பெனிக்கு மாற்றினாலோ, அந்த எட்டாண்டும் அப்படியே நிற்கும். இன்னும் இரண்டாண்டு போதும்.

2025 அக்டோபரில் பி.எப். மத்திய அறங்காவலர் குழு விதிகளை மாற்ற முடிவு செய்தது. வேலை இழந்தவர் 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம். மீதி 25 சதவீதத்தை ஓராண்டு வேலையின்மைக்குப் பிறகும், ஓய்வூதியத் தொகையை 36 மாதங்களுக்குப் பிறகும் எடுக்கலாம் என்பது அந்த முடிவின் சாரம். தேவைக்கு அளவாக எடுத்து, ஓய்வூதியக் கணக்கைத் தொடாமல் விடுவதே குடும்பத்துக்கு நல்லது. கம்பெனி விலகல் தேதியைப் பதியாமல் விட்டிருந்தால், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்துத் தொழிலாளியே இணையத்தில் பதிந்துகொள்ளலாம்.

வீட்டுக் கணக்கு

வாரச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்தை மந்தத்தில் முதலில் நெருக்குவது தவணை. குழுக் கடனும் நகைக் கடனும் கந்து வட்டியும் ஒரே தரத்தில் வைக்க வேண்டியவை அல்ல. மைக்ரோ பைனான்ஸ் கடன்களுக்கு 2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி வரம்பு விதித்திருக்கிறது: ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்கான மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. வருமானம் குறைந்தது தெரிந்தவுடன், தவணை தவறும் முன்பே, கடன் தந்த நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவித்துக் கால நீட்டிப்புக் கேட்க வேண்டும். ஒரு குழுக் கடனை அடைக்க இன்னொரு குழுவில் வாங்குவதும், அதை அடைக்கத் தண்டலுக்குப் போவதும் மூன்று மாத மந்தத்தை மூன்று ஆண்டுக் கடனாக மாற்றிவிடும். மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2025இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. மிரட்டலுக்கு ஆளாகிறவர் காவல் நிலையத்துக்குப் போகத் தயங்க வேண்டியதில்லை.

வெளி மாநிலத்திலிருந்து வந்தவர்கள், ஒரே நாடு ஒரே ரேஷன் ஏற்பாட்டின்படி, தங்கள் மாநில அட்டையைக் கொண்டே திருப்பூர் ரேஷன் கடையில் மத்திய ஒதுக்கீட்டு அரிசி, கோதுமை பெறலாம். ஊர் திரும்புவதா, இருப்பதா என்று முடிவெடுக்கும்போது இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கைத்தொழிலை விரிப்பது

ஆர்டர் குறைந்த கம்பெனி ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது, ஒரே மெஷின் தெரிந்தவரைவிட ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் மூன்றிலும் உட்காரக்கூடியவரைத்தான் நிறுத்திக்கொள்கிறது. கைமடி உதவியாளாக இருப்பவர் மெஷின் பழகுவதற்கும், செக்கிங்கில் இருப்பவர் அளவு அட்டையைப் படித்து அறிக்கை எழுதப் பழகுவதற்கும் வேலை குறைந்த நாட்கள் ஏற்றவை. நல்ல டைலருக்கு அடுத்த படி சாம்பிள் பிரிவு. அங்கே ஒரு முழு உடையையும் ஒருவரே தைக்க வேண்டும் என்பதால், அந்த அனுபவம் எந்த ஊரிலும் செல்லும்.

திருப்பூர் பெரும்பாலும் பருத்தியை நம்பிய ஊர். உலகச் சந்தையில் விளையாட்டு உடைகளும் செயற்கை இழை உடைகளும் பெருகிவருகின்றன. அந்தத் துணி வழுக்கும், இழுபடும். ஊசியும் நூலின் இறுக்கமும் மாற வேண்டும். அதைத் தைத்துப் பழகியவருக்கு அடுத்த சில ஆண்டுகளில் தேவை கூடவே செய்யும். காதர்பேட்டையைச் சுற்றிய உள்நாட்டு வியாபாரமும் உள்ளாடைக் கம்பெனிகளும் அமெரிக்க வரியை நேரடியாகச் சந்திப்பதில்லை. ரேட் குறைவு என்று அவற்றை ஒதுக்காமல், பி.எப். பிடிக்கும் இடமாகப் பார்த்துச் சேர்ந்தால் பணித்தொடர்ச்சி காக்கப்படும்.

புதிதாக வேலை தேடுவோர்

மந்த காலத்தில் படிப்பை முடிப்பவர்களின் முதல் சம்பளம் குறைவாகவே இருக்கும். கனடாவின் பட்டதாரிகளைப் பற்றி ஒரியோபுலோஸ், ஃபான் வாக்டர், ஹைஸ் மூவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகக் காட்டுகிறது. மந்தத்தில் வேலைக்கு வந்தோரின் சம்பளப் பின்னடைவு ஏறத்தாழ பத்தாண்டில்தான் மறைகிறது. அதைச் சீக்கிரம் கடந்தவர்கள், சில ஆண்டுகளில் மேலும் நல்ல நிறுவனங்களுக்கு மாறியவர்கள். ஆகவே மெர்ச்சண்டைசர் ஆகும் எண்ணத்தோடு வருபவர், அந்த இடம் கிடைக்கும்வரை வீட்டில் காத்திருப்பதைவிட, தரக் கட்டுப்பாட்டிலோ ஏற்றுமதி ஆவணப் பிரிவிலோ சேர்ந்து, அனுபவத்தோடு மாறுவது மேல். முதல் சம்பளத்தோடு மனநிறைவு கொண்டு அங்கேயே தங்கிவிடக்கூடாது என்பதும் அதே ஆய்வு தரும் பாடம்.

மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் பதிவைப் புதுப்பித்து வருவதும், அது நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களுக்குப் போவதும், மாநில அரசின் தனியார் துறை வேலை இணையத்தில் பதிவதும் செலவில்லாத வழிகள். 'நான் முதல்வன்' உள்ளிட்ட அரசுத் திறன் பயிற்சிகளும் திறந்திருக்கின்றன.

வேலை தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவரை மந்த காலத்தில் இருமடங்கு எச்சரிக்கையோடு அணுக வேண்டும். உள்ளூர் வேலைக்கு முன்பணம் கேட்டாலே விலகிவிடலாம். ஜோர்டான் போன்ற நாடுகளின் ஆடைத் தொழிற்சாலைகள் இந்தியத் தொழிலாளர்களை எடுப்பது உண்மை. ஆனால் ஆள் சேர்க்கும் முகவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்கான வரியும் என்ற வரம்பு உண்டு. தமிழ்நாடு அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் இருக்கிறது. சுற்றுலா விசாவில் கம்போடியா, மியான்மர், லாவோஸ் போய்க் கணினி வேலை பார்க்கலாம் என்ற அழைப்புகளை நம்பிய இளைஞர்கள் இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டிருக்கிறார்கள். அந்த அழைப்பை ஏற்கவே கூடாது.

ஆர்டர் திரும்பும்போது

ஆட்குறைப்பு செய்த கம்பெனி ஓராண்டுக்குள் மறுபடி ஆள் எடுத்தால், நீக்கப்பட்டவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பது சட்டம். அதனால் போன் எண்ணையும் முகவரியையும் கம்பெனியில் எழுத்தில் கொடுத்து வைப்பது அவசியம். எங்கே சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே நியமனக் கடிதம் கேட்பது, பழைய யு.ஏ.என். எண்ணையும் இ.எஸ்.ஐ. எண்ணையும் கொடுத்துப் புது எண் போடாமல் பார்த்துக்கொள்வது, முதல் மாதச் சந்தா ஏறியதா என்று பாஸ்புக்கில் சரிபார்ப்பது, பழைய பி.எப். கணக்கை மாற்றக் கோருவது ஆகிய நான்கும் அடுத்த மந்தத்துக்கான தயாரிப்பு. ஒன்றரை ஷிப்டு மறுபடி கிடைக்கும் மாதங்களில், அந்தக் கூடுதல் அரை ஷிப்டுக் கூலியை வாடகைக்கும் தவணைக்கும் ஒதுக்காமல், மூன்று மாதச் செலவு சேரும்வரை தனிக் கணக்கில் போட்டுவரும் குடும்பம், சட்டம் தரும் தொகை வந்துசேரத் தாமதமானாலும் நகையை அடகு வைக்காமல் காத்திருக்க முடியும்.